தோல்விக் கணக்கு வைத்த முதல் கோச்: ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்து போடி வரை

போடிநாயக்கனூர் என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏலக்காய்தான். மேற்கே ஏலமலை, அதன் சரிவில் தோட்டங்கள், அடிவாரத்தில் காயைத் தரம் பிரித்து விற்கும் ஊர். அடுத்து போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் அடுத்து ரயில். 1928-ல் மதுரையிலிருந்து மீட்டர் கேஜில் வந்த ரயில் 2010 முடிவில் நின்றது. பிறகு 2023 ஜூன் மாதம்தான் அகலப்பாதையில் திரும்ப வந்தது. இவை எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த இன்னொரு விஷயம் உண்டு. அது கூடைப்பந்து!

போடியிலிருந்து தேனி வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர் அளவில் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பை என்று பெயர். அறுபது ஆண்டுகளைத் தாண்டிய போட்டி இது. ராணுவம், கடற்படை, விமானப்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப். என்று நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆடியிருக்கின்றன. ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில், திறந்தவெளியில் ஆட்டம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனம்.

தெருவுக்குத் தெரு கிரிக்கெட் ஆடும் நாட்டில் இந்த மலையடிவார ஊர்களுக்குக் கூடைப்பந்து எப்படி வந்தது? சினிமா கொண்டுவரவில்லை. டி.வி.யும் கொண்டுவரவில்லை. அதைக் கொண்டுவந்தவர்கள் வாத்தியார்கள். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் வேறொரு ஊருக்கு வேலைக்குப் போய் அங்கே சொல்லிக்கொடுத்து, இப்படித்தான் அது வந்து சேர்ந்தது. "கல்லூரிக் கூடைப்பந்துக் கோச்" என்ற வேலை எங்கே பிறந்தது, அது எப்படி இரண்டு கிளையாகப் பிரிந்தது, அதில் எந்தக் கிளை நம் பக்கம் வந்தது என்பதே இந்தக் கட்டுரை.

ஒரு பந்து, இரண்டு பழக்கூடை

1891 டிசம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பணியாளர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. வெளியே பனி. மாணவர்கள் உள்ளரங்கில் தண்டால், கசரத் செய்து அலுத்துப் போயிருந்தார்கள். ஜேம்ஸ் நைஸ்மித் என்ற முப்பது வயது ஆசிரியரிடம், இவர்களுக்கு உள்ளரங்கில் ஆட ஏதாவது புது ஆட்டம் கண்டுபிடி என்றார் துறைத் தலைவர் லூதர் குலிக்.

நைஸ்மித் கனடாக்காரர். முரட்டு ஆட்டங்களில் எதனால் அடிபடுகிறது என்று யோசித்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை மற்றவன் மடக்கி விழுத்துகிறான். அப்படியானால் பந்தோடு ஓடவே கூடாது என்று விதி வைத்தால்? வேகமாக அடித்தால்தான் கோல் விழும் என்பதால் பந்தை ஓங்கி அடிக்கிறார்கள். கோலைத் தலைக்கு மேலே படுக்கை வசமாக வைத்துவிட்டால்? மெதுவாக, குறி பார்த்துத்தானே போட முடியும்! பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மேலே பால்கனிக் கம்பியில் ஆணியடித்து மாட்டினார்கள். பதின்மூன்று விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். பதினெட்டு மாணவர்கள், பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நைஸ்மித்துக்கு ஒரு அணியை ஜெயிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. ஒரு வகுப்பில் இருக்கும் எல்லா மாணவர்களையும் அடிபடாமல் ஆட வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கூடைப்பந்து மைதானத்தில் தானாக வளர்ந்த ஆட்டம் அல்ல. வகுப்பறைப் பிரச்சினைக்கு ஒரு ஆசிரியர் கண்டுபிடித்த விடை அது.

கான்சஸ்: குருவும் சிஷ்யனும்

1898-ல் நைஸ்மித் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு கான்சஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உடற்பயிற்சி ஆசிரியர், கூடவே பிரார்த்தனைக் கூடத்தின் பொறுப்பாளர். அங்கே மாணவர்கள் கூடைப்பந்து அணி ஆரம்பித்தார்கள். கண்டுபிடித்தவரே இருக்கும்போது வேறு யார் கோச்? 1899 பிப்ரவரியில் முதல் ஆட்டம். 5-க்கு 16 என்று தோற்றார்கள்!

1907 வரை நைஸ்மித் அந்த அணியைப் பார்த்துக்கொண்டார். மொத்தக் கணக்கு: 55 வெற்றி, 60 தோல்வி. கான்சஸ் கூடைப்பந்து அமெரிக்காவிலேயே பெயர்பெற்ற அணிகளில் ஒன்று. அதன் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்துவிட்டுப் போன ஒரே தலைமைக் கோச், அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சில ஆட்டங்களில் அவரே நடுவராகவும் நின்றார். கூடைப்பந்தை ஆடத்தான் முடியும், அதில் கோச்சிங் கொடுக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

அவருடைய மாணவர் ஃபாரஸ்ட் ஆலன் நேர் எதிர். "ஃபாக்" ஆலன் என்று அழைப்பார்கள். இந்த ஆட்டத்தைத் திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று ஆலன் நம்பினார். 1907-ல் குருவிடமிருந்து அணியை வாங்கி இரண்டு வருடம் நடத்தினார். திரும்பவும் 1919-ல் வந்து 1956 வரை அங்கேயே இருந்தார். கான்சஸில் மட்டும் 590 வெற்றிகள். 1952-ல் தேசியக் கல்லூரிச் சாம்பியன் பட்டம். 1927-ல் கோச்சுகளுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கியதிலும் அவர் பங்கு பெரிது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்ந்ததற்கும் அவர் போட்ட சண்டை ஒரு காரணம். எழுபது வயதானதால் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். இல்லாவிட்டால் இன்னும் இருந்திருப்பார்!

அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியில் 876 வெற்றி பெற்றார். இன்னொரு மாணவர் டீன் ஸ்மித் வட கரோலினாவில் 879. இப்படி ஆலனில் இருந்து வளர்ந்த கிளையில்தான் இன்றைய அமெரிக்கக் கல்லூரிக் கோச் இருக்கிறார். கோடிக்கணக்கில் சம்பளம், டி.வி. உரிமம், ஜெயித்தால் சிலை, தொடர்ந்து தோற்றால் வேலை போகும். இதே கிளையின் உச்சம் என்று கலிஃபோர்னியாவின் ஜான் வுடனைச் சொல்வார்கள். 1964-க்கும் 1975-க்கும் நடுவில் பன்னிரண்டு வருடத்தில் பத்து தேசியப் பட்டங்கள். இன்னும் யாரும் அதைத் தொடவில்லை.

நைஸ்மித்தின் கிளை? அது அமெரிக்காவில் ஏறக்குறைய பட்டுப்போனது. ஆனால் பட்டுப்போவதற்கு முன்னால் ஒரு அபூர்வமான பழத்தைக் கொடுத்தது.

வாசலில் நிறுத்தப்பட்ட மாணவர்

1930-களில் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் கான்சஸில் உடற்கல்வி படிக்க வந்தார். அன்று அந்தப் பல்கலைக்கழக அணியில் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது. பயிற்சியில் நின்று கற்றுக்கொள்ளக்கூட முடியாது. அவரைத் தன் மாணவராக ஏற்று வழிகாட்டியவர் வயதான நைஸ்மித். 1936-ல் மெக்லெண்டன் பட்டம் வாங்கினார். அணியில் ஒரு நிமிடம்கூட ஆடாமல், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடமே ஆட்டத்தைப் படித்துவிட்டு வெளியே வந்தார்.

பிறகு வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரியில் கோச் ஆனார். ஓடிக்கொண்டே ஆடும் வேக ஆட்டத்தை அங்கே வளர்த்தார். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியோடு கதவைப் பூட்டிக்கொண்டு ரகசியமாக ஒரு ஆட்டம் ஆட வைத்தார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுவது அங்கே தடை செய்யப்பட்டிருந்த காலம். 88-க்கு 44 என்று மெக்லெண்டனின் அணி ஜெயித்தது. அதைப் பற்றி மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. வரவும் கூடாது, வந்தால் ஆபத்து. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தக் கதை வெளியே தெரிந்தது.

டென்னசியில் ஒரு கல்லூரிக்கு 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்களையும் வாங்கிக் கொடுத்தார் மெக்லெண்டன். தோல்விக் கணக்கு வைத்த குருவிடம் படித்தவர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது. அப்படியானால் குரு வைத்த கணக்கை 55-60 என்ற எண்ணில் மட்டும் பார்க்க முடியுமா?

சென்னைக்கு வந்த கிளை

ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர்கள் ஒய்.எம்.சி.ஏ. வேலைக்காக உலகம் முழுவதும் போனார்கள். போன இடமெல்லாம் பந்தும் கூடையும் போயின. முதல் ஆட்டத்தில் ஆடிய பதினெட்டுப் பேரில் ஒருவரான டங்கன் பேட்டன் 1894-லேயே இந்தியாவுக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. ஆட்டம் பிறந்து மூன்றே வருடத்தில்!

ஆனால் ஆட்டம் வருவது வேறு, நிலைப்பது வேறு. நிலைப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களை உருவாக்கியவர் ஹாரி குரோ பக்.

பக் 1884-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். நைஸ்மித் போன பிறகு ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த அடுத்த தலைமுறை. 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். விரல் விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு ஆரம்பித்த பள்ளி அது. இன்று நந்தனத்தில் இருக்கிறது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்வியியல் கல்லூரி என்ற பெருமையும் அதற்கு உண்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு பக் மேலாளர். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதிலும் அவர் கை உண்டு. பல ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அச்சிட்டார். ஊருக்கு ஒரு விதத்தில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டங்களுக்கு ஒரே அளவு, ஒரே விதி கிடைத்தது.

1943-ல் சென்னையிலேயே இறந்தார். அவர் தொடங்கிய கல்லூரி வளாகத்திலேயே அவர் கல்லறை இருக்கிறது.

பக் செய்த பெரிய காரியம் அவர் ஜெயித்த ஆட்டங்களில் இல்லை. ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கினார், அதுதான் காரியம். அன்று பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் "டிரில்". பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் டிரில் மாஸ்டர்கள். லெஃப்ட், ரைட் சொல்லத் தெரியும், பிரம்பு இருக்கும். உடல் எப்படி இயங்குகிறது, எந்த வயதில் எந்த ஆட்டம், மைதானத்துக்கு எப்படிக் கோடு போடுவது, போட்டி அட்டவணை எப்படித் தயாரிப்பது என்பதையெல்லாம் படித்த ஆசிரியர் என்று ஒருவர் வந்தது இந்தக் கல்லூரிக்குப் பிறகுதான். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-ல் உருவானபோது முன்னின்ற சி.சி.ஆபிரகாமும் இதே கல்லூரியைச் சேர்ந்தவர். பிறகு காரைக்குடி அழகப்பா போன்ற வேறு உடற்கல்வியியல் கல்லூரிகளும் வந்தன. தமிழ்நாட்டின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விசில் ஊத ஆள் போனது இங்கிருந்தெல்லாம்தான்.

அதாவது, ஆலனின் கிளை அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. நமக்கு வந்தது நைஸ்மித்தின் கிளை. கோச்சாக வரவில்லை, பி.டி. சாராக வந்தது.

பி.டி. சார் என்ற கோச்

தமிழ்நாட்டுக் கலைக்கல்லூரியில் "கூடைப்பந்துக் கோச்" என்று ஒரு பதவி பொதுவாகக் கிடையாது. இருப்பது உடற்கல்வி இயக்குநர். பசங்களுக்கு பி.டி. சார். பல கல்லூரிகளில் ஒரே ஒருவர்தான். அவரேதான் கபடிக்குக் கோச், வாலிபாலுக்குக் கோச், கூடைப்பந்துக்கும் கோச். விளையாட்டு விழாவில் அணிவகுப்பு அவர் பொறுப்பு. சுதந்திர தினக் கொடியேற்றம் அவர் பொறுப்பு. கல்லூரி வாசலில் தாமதமாக வருகிறவனைப் பிடிப்பதும் அவர்தான். பஸ்ஸில் அணியைக் கூட்டிப்போய், வெளியூரில் இட்லி வாங்கிக் கொடுத்து, பில்லை பத்திரமாக வைத்து ஆபீஸில் கணக்குக் காட்டுவதும் அவர்தான்.

அமெரிக்கக் கோச் தன் ஆட்களைத் தானே தேடிப்போய்ப் பிடிக்கிறார். பி.டி. சாருக்கு அந்த வசதி இல்லை. ஜூன், ஜூலையில் அட்மிஷன் முடிந்து யார் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள்தான் அவர் அணி. அதில் உயரமான ஒருவனைப் பார்த்து, "ஏலே, நீ சாயந்திரம் கிரவுண்டுக்கு வா" என்று சொல்வதோடு அவருடைய தேர்வு முடிகிறது. மூன்று வருடம் பழக்கி அவன் ஆட ஆரம்பிக்கும்போது டிகிரி முடிந்து போய்விடுவான். மறுபடி முதலில் இருந்து!

இந்த வேலைக்கு வெற்றிக் கணக்கு யாரும் வைப்பதில்லை. எத்தனை தோற்றாலும் வேலை போகாது. எத்தனை ஜெயித்தாலும் சம்பளம் ஏறாது. இதனால் சில இடங்களில் மைதானத்தில் புல் முளைத்ததும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் சிலர் எந்தப் பலனும் எதிர்பார்க்காமல் முப்பது வருடம் அதிகாலையில் மைதானத்தில் நின்றார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு சீசன்

போடியில் இந்த வேலைக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அது ஏலக்காய்.

இங்கே கல்லூரியே ஏலக்காயில் இருந்து வந்ததுதான். ஏலக்காய் விவசாயிகள் சங்கம் 1971-ல் கல்லூரி தொடங்கியது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-லேயே வந்துவிட்டது. அதற்கு முன் இந்தப் பள்ளத்தாக்குப் பசங்கள் பட்டப்படிப்புக்கு மதுரைக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டியிருந்தது. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஏராளம்.

அடிவார ஊர்களில் இருந்து தோட்ட வேலைக்கு அதிகாலையிலேயே ஜீப்கள் மேலே ஏறும். சாயந்திரம் இறங்கும். காய் பறிப்பு ஆடி, ஆவணியில் ஆரம்பித்து தை வரை போகும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் நடப்பதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். வேலைக்கு ஆள் தேவைப்படும் நேரமும் ஆட்டத்துக்கு ஆள் தேவைப்படும் நேரமும் ஒன்றாகிவிடும். வீட்டில் ஒரு நாள் கூலி என்பது சின்ன விஷயமல்ல. மகன் பந்தோடு நிற்பதைப் பார்க்கும் அப்பாவுக்கு, இதனால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி வருவது நியாயமே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பி.டி. சார். அமெரிக்காவில் ஒரு கோச் பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்கிறார். இங்கே திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எது கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்!

மழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி சிமெண்ட் தரை நனைந்தால் பந்து வழுக்கும், கால் வழுக்கும். உள்ளரங்கில் ஆடவென்று பிறந்த ஆட்டம் நம் ஊரில் வெட்டவெளி ஆட்டமாகத்தான் வளர்ந்தது. இதில் ஒரு சுவாரசியம்: 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டமே மண் தரையில், கொட்டும் மழையில்தான் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. சேற்றில் பந்தைத் தட்டக்கூட முடியவில்லை. அந்த ஒலிம்பிக்கைப் பார்க்க நைஸ்மித்தும் போயிருந்தார்.

கோட்டை அழித்துப் புதுக் கோடு

கூடைப்பந்து விதிகள் அடிக்கடி மாறும். 1984-ல் சர்வதேச ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு வந்தது. 2000-ல் இரண்டு பாதி என்பது போய் பத்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள் வந்தன. பந்து கைக்கு வந்தால் 30 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பது 24 விநாடியாகச் சுருங்கியது. 2010-ல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரில் இருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. கூடைக்கு முன்னால் சரிவாக விரிந்திருந்த கட்டம் நேர்ச் செவ்வகமாக மாறியது.

பெரிய நகரங்களில் இது ஒரு சுற்றறிக்கை. சின்ன ஊரில் இது ஒரு பெயிண்ட் டப்பா. பழைய கோட்டைச் சுரண்டி அழித்து, நூல் பிடித்து, சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, புதுக் கோடு போட வேண்டும். அதை விடப் பெரிய வேலை, ஆட்டத்தையே திரும்பப் படிப்பது. 1970-களில் படித்துவிட்டு வேலைக்கு வந்த ஒருவர் ஓய்வு பெறுவதற்குள் கண்முன்னே ஆட்டமே வேறு ஆட்டமாகிவிட்டது. உயரமான ஒருவனைக் கூடைக்குக் கீழே நிறுத்திவிட்டால் போதும் என்று இருந்த காலம் போய், தூரத்தில் இருந்து எறியத் தெரிந்த குள்ளமானவனுக்கும் இடம் வந்தது. இதையெல்லாம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பி.டி. சார் எங்கே பார்த்துக் கற்றுக்கொள்வார்?

இங்கேதான் பெரியகுளத்துக்கு வருகிறோம். மே மாதம், கல்லூரி லீவு. நாட்டின் நல்ல அணிகள் பஸ் தூரத்தில் வந்து ஆடுகின்றன. பார்வையாளர்களுக்கு அது திருவிழா. இந்தப் பள்ளத்தாக்கின் பயிற்சியாளர்களுக்கு அது பள்ளிக்கூடம். ராணுவ அணி எப்படித் தடுக்கிறது, வங்கி அணி எப்படி வேகமாகத் திரும்பி ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மெக்லெண்டனுக்கு கான்சஸ் வகுப்பறையில் கிடைத்தது இங்கே ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கிடைத்தது. ஒரு விளையாட்டை ஊரில் நிலைக்க வைக்க ஒரு வாத்தியாரும் ஒரு கிளப்பும் போதும் என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கே சாட்சி.

ஏணியும் அதன் விலையும்

அப்பாவின் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது: வேலை. தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள், போலீஸ் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்தன. பல்கலைக்கழக அணிக்கு ஆடி, பிறகு மாநில அணிக்கு ஆடினால் ஒரு நிரந்தர உத்தியோகம். தோட்டத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். இந்த ஏணி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சென்னையின் அனிதா பால்துரை ஒரு உதாரணம். தென்னக ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2021-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

ஆனால் ஏணிக்கு ஒரு விலை உண்டு. நன்றாக ஆடும் பையனை ப்ளஸ் டூ முடிந்ததும் சென்னை, கோவைப் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்கின்றன. இலவசப் படிப்பு, ஹாஸ்டல், நல்ல ஷூ, உள்ளரங்கம். யார் வேண்டாம் என்பார்கள்? சொல்லப்போனால் போகச் சொல்லி அனுப்பி வைப்பதே பள்ளிக்கூட பி.டி. சார்தான். அவர் நல்ல வாத்தியார் என்றால் அவரிடம் நல்ல அணி தங்காது. உள்ளூர்க் கல்லூரிக்கும் கிடைக்காது. ஜெயிக்கும்போது கோப்பையில் வேறு கல்லூரியின் பெயர் இருக்கும்.

இது சின்ன ஊருக்கு மட்டும் நடப்பதல்ல. பஞ்சாபின் லூதியானா அகாடமியில் சங்கரன் சுப்ரமணியன் என்ற பயிற்சியாளர் பல வருடம் கிராமத்துப் பசங்களைப் பழக்கினார். அவரிடம் சிறுவனாக வந்தவர்களில் ஒருவர் சத்னாம் சிங். 2010-ல் சத்னாம் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 2015-ல் டல்லாஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. அணி ஒன்று இந்தியாவில் பிறந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை. சுப்ரமணியன் 2013-லேயே காலமாகிவிட்டார். அந்த நாளைப் பார்க்க அவர் இல்லை.

எந்தக் கணக்கு?

ஒரு கோச்சின் வாழ்க்கையை எதை வைத்து அளப்பது? வெற்றி தோல்வி என்றால் வுடனும் ஆலனும்தான் மிஞ்சுவார்கள். நைஸ்மித் தோற்றவர் பட்டியலில் சேருவார். ஆனால் நைஸ்மித் இல்லாவிட்டால் ஆலனும் இல்லை, மெக்லெண்டனும் இல்லை. பக்கும் சென்னைக்குக் கூடையோடு வந்திருக்க மாட்டார். போடியில் ஒரு பையனைப் பார்த்து "சாயந்திரம் கிரவுண்டுக்கு வா" என்று சொல்ல ஆளும் இருந்திருக்காது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இந்த வேலை நைஸ்மித்தின் வழியிலேயே நின்றதற்குக் காரணம் கொள்கை மட்டுமல்ல. பணம் இல்லாததும் காரணம் என்பது உண்மை. ஒரே ஆளுக்கு எல்லா வேலையையும் கொடுத்ததால்தான் அவர் எல்லோருக்கும் பொதுவானவர் ஆனார். அந்தப் பதவியும் ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் விடும்போது காணாமல் போகிறது. அப்போது ஜெயிக்கும் அணி எங்கேயும் போய்விடாது. அது பெரிய நகரத்துத் தனியார் கல்லூரியில் இருக்கும். காணாமல் போவது, உயரம் மட்டுமே தகுதியாக வந்து நின்ற அந்த முதல் வருட மாணவனுக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு.

மெக்லெண்டனை அமெரிக்கக் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் 1979-ல் சேர்த்தார்கள். ஆட்டத்துக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில். கோச் என்ற பிரிவில் அவரைச் சேர்த்தது 2016-ல். அதற்குள் அவர் இறந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. மூன்று தேசியப் பட்டம் வாங்கியவருக்கே, கோச் என்று ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பட்டமே வாங்காத, வாங்கும் அணியே கையில் தங்காத நம் ஊர் பி.டி. சார்களுக்கு அப்படி ஒரு கூடம் கிடையாது. அவர்களுக்கு இருப்பது ரயில்வே ஆபீசிலும் வங்கியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர்களின் ஞாபகம் மட்டும்தான். அந்த மாணவர்கள் ஓய்வு பெறுவதற்குள் யாராவது அந்தப் பெயர்களை எழுதி வைத்தால் நல்லது. உங்கள் கல்லூரி மைதானத்தில் முதன்முதலில் கோடு போட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவர் இன்னும் ஊரில் யாராவது இருப்பார்.